இரண்டு அத்தைகளுக்கும் நாற்பதை ஒட்டி மார்பகப் புற்றுநோய். எனக்கு 29. என் கணக்கு என்ன?

#1 தாமரைக்குளம் (திருச்சி), மார்ச் 3

எல்லோருக்கும் வணக்கம். ஒரு வருடமாக இந்தப் பகுதியைப் படிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

என் வயது 29. இரண்டு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். என் பெரிய அத்தைக்கு 39 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது. நான் பள்ளியில் படிக்கும்போதே இறந்துவிட்டார். சின்ன அத்தைக்கு இப்போது 44. போன மாதம் பயாப்ஸி முடிவு வந்து, கீமோ ஆரம்பித்திருக்கிறார்கள். இருவரும் அப்பாவின் கூடப் பிறந்தவர்கள். அப்பாயி ஐம்பது வயதுவாக்கில் வயிற்றில் நீர் கோத்து, கட்டி என்று சொல்லி, ஆறு மாதத்தில் போய்விட்டார். அது என்ன கட்டி என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

சின்ன அத்தையோடு ஆஸ்பத்திரிக்குப் போனபோது அங்கிருந்த ஒரு டாக்டரிடம் என்னைப் பற்றிக் கேட்டேன். "உன் அம்மாவுக்கு இருக்கா? அம்மாவின் அக்கா தங்கைக்கு?" என்றார். இல்லை என்றேன். "அப்பா வழிதானே, கவலைப்படாதே" என்று அனுப்பிவிட்டார். வீட்டிலும் அதையேதான் சொல்கிறார்கள்.

மனசு கேட்கவில்லை. இரவு மகள் தூங்கிய பிறகு உட்கார்ந்து தேடினால், ஒரு இடத்தில் "மரபணுவில் இருந்தால் 70 சதவீதம் வரும்" என்று போட்டிருக்கிறது. இன்னொரு இடத்தில் "வயது ஏற ஏறத்தான் வரும், முப்பதில் மிக அரிது" என்று இருக்கிறது. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும்? எனக்கு எது பொருந்தும்?

#2 சரசு_செங்கை, மார்ச் 3

கண்ணு, முதலில் சின்ன அத்தையின் கையைப் பிடித்துக்கொள். கீமோவின் மூன்றாவது நான்காவது தடவை கஷ்டமாக இருக்கும். வாய்ப்புண்ணுக்கு மோர் சாதம் நன்றாக இறங்கும், காரம் வேண்டாம்.

எனக்கு 61 வயதில் வந்தது. இப்போது 63. எங்கள் குடும்பத்தில் அம்மா, பாட்டி, சித்தி, பெரியம்மா யாருக்கும் இது கிடையாது. அதனாலேயே குளிக்கும்போது கையில் கட்டி பட்டும் நான்கு மாதம் சும்மா இருந்துவிட்டேன். நம் வம்சத்தில் இல்லாதது நமக்கு எப்படி வரும் என்று நினைத்தேன். இன்றைக்கும் அந்த நான்கு மாதத்தை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. மரபணு பற்றி எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் வந்து சொல்வார்கள்.

#3 ஆய்வுக்கூடத்துப்பெண், மார்ச் 4

தாமரை, நான் மரபணுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். டாக்டர் இல்லை. ஆனால் உங்கள் கேள்விதான் என் அன்றாட வேலை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் "அப்பா வழிதானே" என்ற பேச்சை ஒதுக்கி வையுங்கள். அது தவறு. பழுதானால் மார்பகப் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும் மரபணுக்கள் பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2. முதலாவது 17ஆம் குரோமோசோமில் இருக்கிறது, இரண்டாவது 13ஆம் குரோமோசோமில். இரண்டுமே ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கும் குரோமோசோம் இல்லை. அம்மாவிடமிருந்து எப்படி வருமோ அப்படியே அப்பாவிடமிருந்தும் வரும். பழுதுள்ள பிரதி அப்பாவிடம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு, ஆணோ பெண்ணோ. அப்பாவுக்கு எதுவும் வராமலேயே போகலாம், அதனால் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு தலைமுறை தாண்டிவிடும். உங்கள் அப்பாயியின் வயிற்றுக் கட்டியும் நீரும் சினைப்பைப் புற்றுநோயாக இருந்திருக்கலாம். உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் கேட்க வேண்டிய கேள்வி அது. மார்பகமும் சினைப்பையும் ஒரே குடும்பத்தில் சேர்ந்து வந்தால் எங்கள் கூடத்தில் உடனே நிமிர்ந்து உட்காருவோம்.

இப்போது நீங்கள் படித்த அந்த இரண்டு கணக்கும். இரண்டும் உண்மைதான், வெவ்வேறு பெண்களைப் பற்றியவை.

பொதுவான பெண்களுக்கான கணக்கில் எனக்கு நம்பிக்கையானது அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனம் தருவது. அங்கே 30 வயதுப் பெண்ணுக்கு அடுத்த பத்து வருடத்துக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 204இல் ஒன்று. 40 வயதில் 65இல் ஒன்று, 50இல் 42இல் ஒன்று, 60இல் 28இல் ஒன்று, 70இல் 24இல் ஒன்று. "எட்டில் ஒருவருக்கு" என்று விளம்பரத்தில் பார்க்கிறோமே, அது ஆயுள் முழுவதையும் கூட்டி வருவது. முப்பது வயதுக்காரி அதைப் பார்த்து நடுங்கத் தேவையில்லை.

பிஆர்சிஏ1 பழுதோடு பிறந்த பெண்களைப் பல நாடுகளில் வருடக்கணக்காகத் தொடர்ந்து பார்த்து 2017இல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. அதில் 40 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு சுமார் 24 சதவீதம், 50க்குள் 43, 80க்குள் 72. பிஆர்சிஏ2 என்றால் 80 வயதுக்குள் 69. 80 வயதுக்குள் சினைப்பைப் புற்றுநோய் வருவது பிஆர்சிஏ1இல் 44, பிஆர்சிஏ2இல் 17. நீங்கள் பார்த்த "70 சதவீதம்" இதுதான். ஆனால் அது 80 வயது வரைக்குமான கூட்டுத்தொகை. "நாளைக்கே" என்று அர்த்தம் இல்லை. 30 வயதுக்கு முன்னால் அந்தப் பெண்களிலும் நூற்றில் நான்கு பேர் அளவுதான்.

எனவே மரபணுவா வயதா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது. "எனக்கு எத்தனை சதவீதம்" என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது "எந்த வயதிலிருந்து எந்த வயதுவரைக்கும்?" என்றுதான்.

#4 மதுரை_முத்து, மார்ச் 4

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் அம்மாவுக்கு 42இல் வந்தது. வீட்டில் தங்கச்சியை மட்டும் ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். நானும் ஆண்தானே, நமக்கென்ன என்று இருந்துவிட்டேன். மேலே படித்த பிறகு கேட்கிறேன்: எனக்கு இரண்டு பெண் குழந்தைகள். நானும் பார்க்க வேண்டுமா?

#5 ஆய்வுக்கூடத்துப்பெண், மார்ச் 4

கட்டாயம் பேச வேண்டும் முத்து. முதல் பரிசோதனை உங்களுக்கு இல்லை, அம்மா இருந்தால் அம்மாவுக்கு. நோய் வந்தவரிடம் பழுது எது என்று கண்டுபிடித்துவிட்டால், மற்றவர்களிடம் அந்த ஒரே இடத்தை மட்டும் பார்த்தால் போதும், செலவும் குறையும். பிஆர்சிஏ2 பழுதுள்ள ஆண்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் கூடுதலாக வருகிறது, அதுவும் வேகமான வகையாக இருக்கும். அந்தப் பழுதுள்ள ஆண்களுக்கு மார்பகப் புற்றுநோயும் வரும், நூற்றில் சில பேருக்கு. மார்பில் கட்டியோ காம்பு உள்ளிழுப்போ தெரிந்தால் கூச்சப்படாமல் காட்டுங்கள். பெண் குழந்தைகள் பெரியவர்களாகும்வரை அவர்களுக்குப் பரிசோதனை தேவையில்லை.

#6 கிராமச்_செவிலி, மார்ச் 5

இருபது வருடமாக ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை செய்கிறேன். ஆய்வுக்கூடத்துத் தங்கச்சி சொல்வது சரிதான், ஆனால் ஒரு பயம் எனக்கு. மரபணு மரபணு என்று பேசப் பேச, குடும்பத்தில் யாருக்கும் இல்லாதவர்கள் நிம்மதியாகப் படுத்துவிடுகிறார்கள். சரசு அம்மா சொன்னதுதான் நான் தினமும் பார்ப்பது. மொத்த மார்பகப் புற்றுநோயில் பரம்பரைப் பழுதால் வருவது நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்துதான். மீதியுள்ளவர்களுக்குப் பெண்ணாகப் பிறந்ததும் வயதானதும்தான் பெரிய காரணம்.

நம் ஊரில் 30 வயதுக்கு மேல் உள்ள பெண்களுக்கு மார்பகப் பரிசோதனை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம். வாருங்கள் என்றால் வருவதில்லை. 50 தாண்டியவர்கள் சுத்தமாக வருவதில்லை, "இனிமேல் எனக்கென்ன" என்கிறார்கள். மும்பையில் 1998இல் தொடங்கி ஒன்றரை லட்சம் பெண்களை இருபது வருடம் பார்த்தார்கள். பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் கையால் தொட்டுப் பரிசோதித்ததுதான், மெஷின் எதுவும் இல்லை. 50 வயதுக்கு மேற்பட்டவர்களில் மார்பகப் புற்றுநோய் மரணம் சுமார் 30 சதவீதம் குறைந்தது. 50க்குக் கீழே அப்படித் தெளிவான பலன் கிடைக்கவில்லை. யார் வரமாட்டேன் என்கிறார்களோ அவர்களுக்குத்தான் பலன் அதிகம். இதைச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வற்றுகிறது.

#7 ஆய்வுக்கூடத்துப்பெண், மார்ச் 5

அக்கா, முழுக்க ஒப்புக்கொள்கிறேன். பல நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்து 2001இல் வெளியான கணக்கே அதைத்தான் சொல்கிறது: மார்பகப் புற்றுநோய் வந்த ஒன்பது பெண்களில் எட்டுப் பேருக்கு அம்மா, அக்கா தங்கை, மகள் யாருக்கும் அந்த நோய் இல்லை. அதே கணக்கில், நெருங்கிய உறவில் ஒருவருக்கு இருந்தால் ஆபத்து 1.8 மடங்கு, இரண்டு பேர் என்றால் கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

ஆனால் தாமரையின் குடும்பம் அந்த எட்டுப் பேரில் சேராது. காரணம் எண்ணிக்கை மட்டும் இல்லை, வயது. 39, 44.

மேரி கிளேர் கிங் என்ற விஞ்ஞானி 1990இல் பிஆர்சிஏ1 மரபணுவின் இடத்தைக் கண்டுபிடித்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். அவர் கையில் 23 குடும்பங்கள், 146 நோயாளிகள். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுப் பார்த்தால் தெளிவாக எதுவும் தெரியவில்லை. குடும்பங்களை நோய் வந்த சராசரி வயதுப்படி வரிசையாக அடுக்கிப் பார்த்தார்கள். இளவயதில் நோய் வந்த குடும்பங்களில் 17ஆம் குரோமோசோமின் ஒரு துண்டு நோயோடு சேர்ந்தே இறங்கி வந்தது. வயது கூடிய குடும்பங்களில் அந்தத் தொடர்பு இல்லை. வயதுதான் அந்த மரபணுவைக் காட்டிக்கொடுத்தது. அதனால்தான் மரபணு ஆலோசகர் முதலில் "எத்தனை பேருக்கு" என்று மட்டும் கேட்காமல் "எத்தனை வயதில்" என்று ஒவ்வொருவருக்கும் கேட்பார். தாமரை, ஒரு வெள்ளைத்தாளில் அப்பா வழி உறவு முழுவதையும் வயதோடு எழுதுங்கள்.

#8 வெயில்காலம், மார்ச் 6

ஒன்று புரியவில்லை. பழுது பிறக்கும்போதே இருக்கிறது என்றால், நோய் ஏன் பிறந்த உடனே வராமல் 39 வரை காத்திருக்கிறது?

#9 ஆய்வுக்கூடத்துப்பெண், மார்ச் 6

நல்ல கேள்வி. ஒவ்வொரு செல்லிலும் இந்த மரபணுவுக்கு இரண்டு பிரதிகள். அம்மா கொடுத்தது ஒன்று, அப்பா கொடுத்தது ஒன்று. இதன் வேலை, டிஎன்ஏ இழை இரண்டாக அறுந்தால் சரியாக ஒட்டுவது. கிழிந்த புடவையை, அதே பூ போட்ட இன்னொரு துண்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துத் தைப்பது போலத் தைக்கும். ஒரு பிரதி பழுதானாலும் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும், பெண் நன்றாகவே இருப்பாள். ஆண்டுகள் போகப் போக ஏதோ ஒரு மார்பகச் செல்லில் அந்த நல்ல பிரதியும் தற்செயலாகக் கெட்டுவிடுகிறது. அப்புறம் அந்தச் செல் கிழிசலைக் கண்டபடி தைக்க ஆரம்பிக்கிறது. தவறுகள் சேர்ந்து புற்றுநோயாகிறது.

பழுதில்லாமல் பிறந்தவர்களுக்கு அந்தத் தவறுகள் எல்லாமே வாழ்நாளில்தான் சேர வேண்டும், அதனால் தாமதமாகிறது. பழுதோடு பிறந்தவர்கள் ஒரு படி முன்னாலிருந்து கிளம்புகிறார்கள். காலம் இருவருக்குமே தேவை.

அந்தக் காலத்தின் வேகத்தை ஹார்மோன் மாற்றுகிறது. வயதுக்கு வந்ததிலிருந்து மாதவிடாய் நிற்கும்வரை மார்பகச் செல்கள் மாதாமாதம் தூண்டப்படுகின்றன. ஒரு வருடம் முன்னால் வயதுக்கு வந்தால் ஆபத்து சுமார் 5 சதவீதம் கூடுகிறது, மாதவிடாய் ஒரு வருடம் தள்ளி நின்றால் சுமார் 3 சதவீதம். ஒவ்வொரு பிரசவமும் 7 சதவீதம் அளவுக்குக் குறைக்கிறது. மொத்தமாக ஒரு வருடம் தாய்ப்பால் கொடுத்தால் இன்னும் 4 சதவீதத்துக்கு மேல். இவை பெண்கள் எல்லோரையும் சேர்த்த கணக்கு.

#10 வெயில்காலம், மார்ச் 6

அப்படியானால் நம் நாட்டில் மேல்நாட்டைவிடப் பத்து வருடம் முன்னாலேயே வருகிறது என்கிறார்களே, நம் மரபணு மோசம் என்றுதானே அர்த்தம்?

#11 ஆய்வுக்கூடத்துப்பெண், மார்ச் 7

அவசரப்பட்டு அப்படிச் சொல்லக் கூடாது. நம் நாட்டில் மொத்தத்திலேயே இளையவர்கள் அதிகம். நாற்பது வயதுக்காரிகள் எழுபது வயதுக்காரிகளைவிடப் பல மடங்கு இருந்தால், நோயாளிகளின் சராசரி வயதும் கீழேதான் இறங்கும். அதோடு, இன்றைய எழுபது வயதுப் பாட்டிகள் ஐந்தாறு பெற்று, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வருடம் பால் கொடுத்தவர்கள். பேத்திகளின் வாழ்க்கை வேறு. அடையாறு புற்றுநோய் மருத்துவமனை நடத்தும் சென்னைப் புற்றுநோய்ப் பதிவேட்டில் ஒரு காலத்தில் கருப்பைவாய்ப் புற்றுநோய்தான் பெண்களிடம் முதலிடத்தில் இருந்தது. இப்போது அந்த இடத்தில் மார்பகம். ஒரு தலைமுறைக்குள் மரபணு மாறிவிடாது.

இதற்கு எனக்குத் தெரிந்த வலுவான சாட்சி மறுபடியும் கிங் குழுவிடமிருந்துதான். நியூயார்க்கில் யூதப் பெண்களிடம் ஆய்வு செய்து 2003இல் வெளியிட்டார்கள். அவர்களில் பிஆர்சிஏ பழுது இருந்தவர்களின் கணக்கு இது. 1940க்கு முன் பிறந்தவர்களில் 50 வயதுக்குள் நோய் வந்தது 24 சதவீதம். 1940க்குப் பின் பிறந்தவர்களில் 67 சதவீதம். அதே பழுதுகள், பிறந்த ஆண்டு மட்டும் வேறு. சிறுவயதில் ஓடியாடி, உடல் எடை கூடாமல் இருந்தவர்களுக்கு நோய் தள்ளிப்போனதையும் அதில் பார்த்தார்கள். அதைப் படித்த அன்று என் அண்ணன் மகளை நினைத்துக்கொண்டேன். பதினொரு வயது, பள்ளி விட்டால் டியூஷன், விளையாட நேரமே கிடையாது.

#12 பனங்கூடல் (டொராண்டோ), மார்ச் 9

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து இங்கே வளர்ந்தவள். அம்மம்மாவுக்கும் அம்மாவுக்கும் இந்த நோய். 34 வயதில் எனக்கு மரபணுப் பரிசோதனை செய்தார்கள். பழுது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஒரு மாற்றம் இருக்கிறது, அதன் பொருள் தெளிவில்லை என்று அறிக்கை வந்தது. நான் அதைப் புற்றுநோய் என்றே எடுத்துக்கொண்டு இரண்டு மார்பகத்தையும் அகற்றச் சொல்லி அழுதேன். ஆலோசகர் பொறுமையாக உட்கார்ந்து விளக்கினார்: இதுவரை படித்துச் சேர்த்த மரபணுக்களில் பெரும்பாலானவை ஐரோப்பிய வம்சத்தவருடையவை, எங்கள் ஆட்களுடையவை குறைவு, அதனால் எங்களிடம் சாதாரணமாக இருக்கும் ஒரு வேறுபாடுகூட அவர்கள் புத்தகத்தில் புதிதாகத் தெரியும். இரண்டு வருடம் கழித்து அது தீங்கற்றது என்று திருத்தி எழுதினார்கள்.

அந்த அறிக்கையை மட்டும் நம்பி அறுவைச் சிகிச்சைக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் யோசிப்பேன். தங்கச்சி, பரிசோதனைக்கு முன்னாலும் பின்னாலும் ஆலோசகரிடம் பேசாமல் இருந்துவிடாதே. இங்கே ஒன்ராறியோவில் ஆபத்து கூடிய பெண்களுக்கு 30 வயதிலிருந்து 69 வரை வருடாவருடம் எம்ஆர்ஐயும் மேமோகிராமும் (மார்பக எக்ஸ்ரே) அரசே எடுக்கிறது.

#13 தாமரைக்குளம், ஏப்ரல் 14

எல்லோருக்கும் நன்றி. தாமதத்துக்கு மன்னியுங்கள்.

வெள்ளைத்தாளில் எழுதினேன். அப்பாயியின் தங்கைக்கும் 47இல் மார்பகத்தில் வந்திருக்கிறது. வீட்டில் யாரும் வாய் திறந்ததே இல்லை. கல்யாணம் தடைபடும் என்று மறைத்திருக்கிறார்கள். சின்ன அத்தை பரிசோதனைக்கு உடனே சம்மதித்தார். "என்னோடு போகட்டும், உங்களுக்காவது தெரியட்டும்" என்றார்.

முடிவு வந்துவிட்டது. பிஆர்சிஏ1, 185 டெல் ஏஜி. அப்பாவுக்கும் பார்த்தோம். அவருக்கும் இருக்கிறது. அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு "நான்தான் கொடுத்துட்டேனா" என்று கேட்டார். அதற்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நான் இன்னும் இரத்தம் கொடுக்கவில்லை.

#14 ஆய்வுக்கூடத்துப்பெண், ஏப்ரல் 14

தாமரை, அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்: அது அவருக்கும் அவருடைய அம்மாவோ அப்பாவோ கேட்காமல் கொடுத்ததுதான். அத்தையும் அவரும் பரிசோதனைக்கு உட்கார்ந்ததால்தான் உங்களுக்கு இப்போது ஒரே ஒரு இடத்தை மட்டும் பார்த்தால் போதும்.

185 டெல் ஏஜி என்றால் அந்த இடத்தில் இரண்டு எழுத்துகள் விடுபட்டிருக்கின்றன. அதனால் புரதம் பாதியிலேயே நின்றுவிடுகிறது. இதன் பொருளில் சந்தேகமே இல்லை, பனங்கூடல் அக்காவுக்கு வந்தது போன்ற குழப்பம் இல்லை. கிழக்கு ஐரோப்பிய யூதர்களிடம் அதிகமாக இருப்பதால் உலகம் முழுக்கத் தெரிந்த பழுது இது. தென்னிந்தியக் குடும்பங்களிலும் திரும்பத் திரும்பக் காணப்படுகிறது. அங்கிருந்து வந்ததா என்று சுற்றியுள்ள டிஎன்ஏவை ஒப்பிட்டுப் பார்த்தபோது ஓர் இந்தியக் குடும்பத்தில் அது பொருந்தவில்லை. இங்கே தனியாகவே தோன்றியது என்று முடிவு செய்தார்கள். நம் ஊர் ஆய்வகங்கள் நன்றாக அறிந்த பழுது என்பது உங்களுக்கு ஒரு வசதி.

உங்களுக்குப் பாதிக்குப் பாதி. இல்லையென்று வந்தால் உங்கள் கணக்கு மற்றப் பெண்களின் கணக்குக்கே திரும்பிவிடும், செவிலி அக்கா சொன்ன பரிசோதனை போதும். இருக்கிறது என்று வந்தால் 29 நல்ல வயது. இந்த வயதில் மார்பகம் அடர்த்தியாக இருப்பதால் மேமோகிராமில் தெளிவாகத் தெரியாது, வருடம் ஒருமுறை எம்ஆர்ஐ. முப்பதிலிருந்து மேமோகிராமும் சேரும். இன்னொரு குழந்தை வேண்டுமானால் அதை முன்னாலேயே யோசியுங்கள், ஏனென்றால் பிஆர்சிஏ1 பழுதுள்ளவர்களுக்கு 35லிருந்து 40க்குள் சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் எடுத்துவிடச் சொல்வார்கள். சினைப்பைப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க நம்பகமான வழி இல்லை. மார்பகத்தை அகற்றுவது உங்கள் விருப்பம், அதற்கு இன்று பதில் சொல்லத் தேவையில்லை. பெரிய அத்தையின் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். அவர்களுக்கும் உங்களைப் போலவே பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கலாம்.

சின்ன அத்தையின் டாக்டரிடமும் இந்த முடிவைக் காட்டுங்கள். ஒலாபரிப் என்ற புற்றுநோய் மாத்திரை இந்தப் பழுதுள்ளவர்களுக்குத் தரப்படுகிறது. அத்தைக்குப் பொருந்துமா என்று அவர் பார்த்துச் சொல்வார்.

#15 சரசு_செங்கை, ஏப்ரல் 15

கண்ணு, இரத்தம் கொடுக்கப் போகும்போது அப்பாவைக் கூட்டிக்கொண்டு போ. அவரை வீட்டில் தனியாக விட்டுவிடாதே.

#16 தாமரைக்குளம், ஏப்ரல் 15

செவ்வாய்க்கிழமை காலை போகிறோம் அம்மா. அப்பாவே லீவு போட்டுவிட்டார். பெரிய அத்தை மகனிடம் நேற்று இரவு போனில் பேசினேன். அவனுக்கு 31, அவன் தங்கைக்கு 27. முதலில் கோபப்பட்டான், பிறகு ரொம்ப நேரம் அழுதான். இன்று காலை அவனே கூப்பிட்டு, "செவ்வாய்க்கிழமை எத்தனை மணிக்கு?" என்று கேட்டான்.